கணினி கட்டும் முன் கரண்டைப் பாருங்கள்



உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேறு வரும்வரை வீட்டில் இருக்கும் ஆண்பிள்ளையோடு நாம் படும் பாடு உங்களுக்குத் தெரியாததல்ல. அந்த நாட்களில்தான் பிள்ளைகள் கணினி கேட்கிறார்கள். முன்பென்றால் “ஒரு கொம்பியூட்டர் வாங்கித் தாங்க உம்மா” என்பார்கள். இப்போதைய பிள்ளைகள் பலர் கடையில் பூட்டி வைத்ததைக் கேட்பதில்லை. “சாமான்களைத் தனித்தனியாக வாங்கி நானே பூட்டுகிறேன். கேம் விளையாடக்கூடியதாகவும் இருக்க வேணும்” என்கிறார்கள்.

வவுனியாவில் எங்கள் வீட்டிலும் 2024ஆம் ஆண்டு இந்தப் பேச்சு வந்தது. என் கையில் சீட்டுக் காசு இருந்தது. பின்பக்கத் தகரத்தைக் கழற்றிவிட்டு ஓடு போடுவதற்கென்று மாதாமாதம் கட்டிய சீட்டு அது. மூத்த மகன் கேட்டதும் என் கணவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: “ஓடு இருபது வருசம் கிடக்கும். இது இருபது மாசம் கிடக்குமா?”

அந்தக் கேள்விக்குப் பதில் தேடியபோது நாங்கள் அறிந்துகொண்டவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் கணினி படித்தவள் அல்ல. ஆனால் மகனுக்கு ஒரு நிபந்தனை போட்டேன். வாங்கும் ஒவ்வொரு சாமானும் எதற்கென்று எனக்கு விளங்கும்படி சொல்ல வேண்டும். எனக்கு விளங்காத சாமானுக்கு என் காசு இல்லை. வன்னியில் இருந்துகொண்டு பிள்ளைக்குக் கணினி வாங்க நினைக்கும் தாய்மாருக்கு இது உதவும் என்று நம்புகிறேன்.

வீட்டில் பூட்ட முடியுமா?

முடியும். 1981இல் ஐ.பி.எம். நிறுவனம் தன் தனிமனிதக் கணினியை வெளியிட்டபோது, அதன் பாகங்களில் பெரும்பகுதியை வெளி நிறுவனங்களிடம் வாங்கிப் பூட்டியது. மற்றவர்களும் அதற்குப் பொருந்தும் பாகங்களைச் செய்யத் தொடங்கினார்கள். பின்னர் 1995இல் இன்டெல் நிறுவனம் ‘ஏ.ரி.எக்ஸ்.’ என்ற அளவுமுறையைக் கொண்டுவந்தது. மதர்போட்டில் ஆணித் துளைகள் எங்கே இருக்க வேண்டும், மின்சாரம் எந்த முனையால் வர வேண்டும் என்பவற்றை அது வரையறுத்தது. அதனால்தான் ஒரு நாட்டில் செய்த கேசிங்குக்குள் இன்னொரு நாட்டில் செய்த மதர்போட் சரியாக உட்காருகிறது. சட்டைக்குப் பொத்தான் வாங்குவது போல, அளவு தெரிந்தால் எங்கும் வாங்கலாம்.

இதில் நமக்குள்ள பெரிய நன்மை பிறகு பழுது பார்ப்பதுதான். ஒன்று கெட்டால் அதை மட்டும் மாற்றலாம். மடிகணினியில் பெரும்பாலும் அப்படிச் செய்ய முடியாது.

பட்டியலைத் தலைகீழாக்கினோம்

மகன் கொப்பித் தாளில் ஒரு பட்டியல் எழுதிக் கொண்டுவந்தான். முதலில் கிராபிக்ஸ் கார்ட். அடுத்து, கண்ணாடி வைத்த, நிறநிறமாக வெளிச்சம் போடும் கேசிங். பிறகு புரோசசர், மதர்போட், ரேம். எல்லாவற்றுக்கும் கீழே, “பவர் சப்ளை: ஏதாவது 500 வாட்ஸ்” என்று எழுதியிருந்தான்.

அந்த ‘ஏதாவது’ என்ற சொல் என் மனதில் தைத்தது. வன்னியில் பிறந்த யாரும் கரண்ட் விஷயத்தில் ‘ஏதாவது’ என்று சொல்ல மாட்டார்கள். 90களில் பொருளாதாரத் தடை இருந்தபோது பற்றரிகூட இந்தப் பக்கம் வர விடாத காலம் ஒன்று இருந்தது. சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோவில் செய்தி கேட்டவர்கள் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். 2009இல் போர் முடிந்து சில ஆண்டுகள் கழித்துத்தான் கிளிநொச்சிக்குத் தேசிய மின்வலைப்பின்னல் திரும்பி வந்தது. அதற்குப் பிறகும் 2022 மார்ச் கடைசியில் நாடு முழுவதும் ஒரு நாளுக்கு 13 மணித்தியாலம்வரை கரண்ட் வெட்டினார்கள்.

ஆகவே பட்டியலைத் தலைகீழாகத் திருப்பி எழுதச் சொன்னேன். சுவரில் இருக்கும் பிளக் பொயின்ட்டில் தொடங்க வேண்டும், திரையில் முடிக்க வேண்டும் என்றேன்.

கிணற்றடியில் ஒரு கம்பி

வயரிங் வேலை செய்யும் ஓர் அண்ணையை அழைத்தோம். கிளிநொச்சிக்காரர். டைனமோவில் ரேடியோ கேட்ட தலைமுறை. கணினி வாங்கப் போகிறோம் என்றதும், “தங்கச்சி, உந்தச் சாமானை வாங்க முதல் வீட்டு எர்த்தை ஒருக்கா பாப்பம்” என்றார்.

பார்த்தால், எர்த் கம்பியில் வயரைப் பிடித்திருந்த கவ்வி துருப்பிடித்துக் கழன்றிருந்தது. பிரிட்ஜைத் தொடும்போது விரலில் விறுவிறுப்பது அதனால்தான் என்றார். கணினியின் கேசிங் இரும்பு. பவர் சப்ளைக்குள் இருக்கும் வடிகட்டி, சிறிதளவு மின்சாரத்தை எர்த்துக்கு அனுப்பும் விதமாகவே செய்யப்பட்டது. எர்த் இல்லாவிட்டால் அது கேசிங்கில் நின்றுவிடும். பிள்ளைக்கும் ஆபத்து, சாமானுக்கும் ஆபத்து.

இன்னொன்றும் சொன்னார். நமது பகுதியில் ஆவணி வெயிலில் நிலம் காய்ந்து வெடிக்கும்போது, காய்ந்த மண்ணில் எர்த் சரியாக வேலை செய்யாது. அதனால் எப்போதும் ஈரமாக இருக்கும் கிணற்றடி வாய்க்கால் பக்கமாகப் புதிய கம்பி அடித்துக் கொடுத்தார். ட்ரிப் சுவிட்சையும் பொத்தானை அழுத்திச் சோதித்தார். இதற்கான செலவு, மகன் பட்டியலில் இருந்த வெளிச்ச விசிறிகளின் விலைக்கும் குறைவு.

கரண்டையும் அளந்தார். 230 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில், ஊரே சமைக்கும் மாலை நேரத்தில் 210க்குக் கீழே இறங்கியது. இந்த எண்ணை நான் குறித்து வைத்துக்கொண்டேன். பவர் சப்ளை வாங்கும்போது அது உதவியது.

பவர் சப்ளையின் பக்கவாட்டில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். சிலவற்றில் 200-240 வோல்ட் என்றும், சிலவற்றில் 100-240 வோல்ட் என்றும் இருக்கும். கரண்ட் இறங்கும் வீட்டுக்கு இரண்டாவது வகைதான் நல்லது. ‘80 பிளஸ்’ என்ற முத்திரையையும் பாருங்கள். 2004இல் தொடங்கிய தரச்சான்று அது. ‘பிரோன்ஸ்’ என்றிருந்தால், பாதிச் சுமையில் சுவரிலிருந்து எடுக்கும் 100 பங்கில் ஏறத்தாழ 85 பங்கை கணினிக்குக் கொடுக்கும், மிச்சம் சூடாகப் போகும் என்று பொருள். ஆனால் அது சிக்கனத்துக்கான முத்திரை மட்டுமே. மின்னழுத்தம் கூடினால், வயர் ஒன்றோடொன்று முட்டினால் தானே நின்றுகொள்ளும் பாதுகாப்புகள் உண்டா என்று தனியாகக் கேட்க வேண்டும். நாங்கள் 550 வாட்ஸ் பிரோன்ஸ் ஒன்றை எடுத்தோம்.

அடுத்து யூ.பி.எஸ். இதில் பலரும் ஏமாறுகிறார்கள். பெட்டியில் 650 வீ.ஏ. என்று இருந்தால் அது 650 வாட்ஸ் அல்ல. சாதாரண யூ.பி.எஸ். ஒன்றில் அதில் 100க்கு 55 அல்லது 60 பங்குதான் வாட்ஸ். அதாவது 360, 390 அளவில். விளையாடும்போது எங்கள் கணினியும் மொனிட்டரும் சேர்ந்து 300 வாட்ஸ் வரை எடுக்கக்கூடும் என்று மகன் கணக்குப் போட்டான். ஆகவே 1000 வீ.ஏ. வாங்கினோம். அதுவும் சில நிமிடத்துக்குத்தான். செய்த வேலையைச் சேமித்துவிட்டு ஒழுங்காக நிறுத்துவதற்கே யூ.பி.எஸ்., கரண்ட் இல்லாத நேரம் விளையாடுவதற்கு அல்ல.

இடி முழங்கினால் யூ.பி.எஸ்ஸை நம்பியும் இருக்க வேண்டாம். சித்திரையிலும் ஐப்பசியிலும் நமக்கு மாலை நேரத்து இடிமழை வழக்கம். பிளக்கைக் கழற்றிவிடுங்கள். இணையப் பெட்டியின் வயரையும் கழற்றுங்கள். அந்த வழியாலும் மின்னல் வரும்.

250 கிலோமீற்றர் தூரம்

கணினிச் சாமான்கள் நிறைய விற்கும் இடம் கொழும்பு. பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவை அறியாத இளைஞர்கள் குறைவு. வவுனியாவிலிருந்து கொழும்பு ஏறத்தாழ 250 கிலோமீற்றர். முல்லைத்தீவுக்காரருக்கு அதைவிடவும் கூடுதல். சாமான் கெட்டுப்போனால், வாங்கிய கடைக்கே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அதற்கு ஒரு நாள் வேலை, ஒருவரின் போக்குவரத்துச் செலவு, பிறகு வாரக்கணக்கில் காத்திருப்பு.

இந்தத் தூரத்தை மனதில் வைத்துத்தான் புரோசசரைத் தேர்ந்தெடுத்தோம். மகன் விரும்பியது இன்டெல்லின் கோர் ஐ5 12400எஃப். 2022 ஜனவரியில் வந்தது, ஆறு கோர்கள் உள்ளது. நடுத்தர விலையில் விளையாட்டுக்குப் போதுமானது. அதே புரோசசர் கடைசி எழுத்தான ‘எஃப்’ இல்லாமலும் விற்கிறது, விலை கொஞ்சம் கூட. என்ன வித்தியாசம் என்று கேட்டேன்.

“எஃப் இருந்தா உள்ளுக்குள்ள கிராபிக்ஸ் இல்ல உம்மா. நமக்குத்தான் தனியாக் கார்ட் இருக்கே, பிறகு அது எதுக்கு?” என்றான்.

“அந்தக் கார்ட் கெட்டுப்போய்க் கொழும்புக்குப் போனா?” என்றேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். “திரையில ஒண்டும் வராது” என்றான். “கார்ட் வரும்வரை சும்மா கிடக்கும்.”

சகோதரிகளே, கொழும்பில் கடைக்குப் பக்கத்தில் இருப்பவருக்கு எஃப் வாங்குவது சிக்கனம். நமக்கு அது சிக்கனம் அல்ல. எஃப் இல்லாததை வாங்கினோம். வேகத்தில் இரண்டும் ஒன்றுதான். கூடக் கொடுத்த காசு, கெட்ட நாளுக்கான காசு. இரண்டு வகையையும் வைத்திருக்கும் கடையில் பெட்டியின் மேலுள்ள எழுத்தைக் கவனமாகப் பாருங்கள்.

கிராபிக்ஸ் கார்ட் விஷயத்திலும் தூரம்தான் தீர்ப்புச் சொன்னது. பழைய ஆர்.ரி.எக்ஸ் 3060 ஒன்று மலிவாகக் கிடைக்கிறது என்று மகனுக்குத் தகவல் வந்தது. 12 ஜீ.பீ. நினைவகம் உள்ளது, நல்ல கார்ட்தான். ஆனால் 2021 காலத்தில் உலகம் முழுவதும் இப்படியான கார்ட்களை இரவு பகலாக ஓடவிட்டு ‘எதீரியம்’ என்ற மின்நாணயத்தைத் தோண்டினார்கள். 2022 செப்டெம்பரில் எதீரியம் அந்த முறையை நிறுத்தியது. அப்படி உழைத்துக் களைத்த கார்ட்கள் ஏராளமாகப் பழைய சாமான் சந்தைக்கு வந்தன. வெளியே துடைத்தால் புதிது போல இருக்கும். உத்தரவாதம் இல்லை. புதிதாக, உத்தரவாதத்தோடு, ரேடியன் ஆர்.எக்ஸ் 6600 ஒன்றை எடுத்தோம். 8 ஜீ.பீ. நினைவகம் உள்ளது. அதற்கு 132 வாட்ஸ் போதும். 3060 கேட்பது 170 வாட்ஸ். மின்சாரக் கட்டணத்துக்கும் நல்லது, அறைச் சூட்டுக்கும் நல்லது. எங்கள் மொனிட்டர் 1920க்கு 1080 புள்ளிகள் கொண்ட 24 அங்குலத் திரை. அதற்கு இந்தக் கார்ட் தாராளம்.

மதர்போட்டும் ரேமும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். டி.டி.ஆர் 4 ரேம், டி.டி.ஆர் 5 மதர்போட்டில் ஏறாது. வெட்டு இருக்கும் இடம் வேறு. நாங்கள் அப்போது மலிவாக இருந்த டி.டி.ஆர் 4 எடுத்தோம். 16 ஜீ.பீ. ஒன்றாக வாங்காமல் 8 ஜீ.பீ. இரண்டாக வாங்கினோம். இரண்டு பாதையில் ஓடும்போது வேகம் கூடும். ஒன்று கெட்டாலும் மற்றதோடு கணினி எழும்பும்.

கேசிங் தவிர்ந்த உள்சாமான்களை ஒரே கடையில் வாங்கினோம். வெவ்வேறு கடையில் வாங்கினால், பழுது வரும்போது ஒருவர் மற்றவரைக் கை காட்டுவார். பில்லில் ஒவ்வொரு சாமானின் தொடர் இலக்கத்தையும் எழுதி வாங்குங்கள். வெப்பத்தாளில் அடித்த பில் சில மாதத்தில் மங்கிவிடும். அன்றைக்கே போட்டோப் பிரதி எடுத்து வையுங்கள்.

நூறு ரூபாய்க் கணக்கு

எத்தனை ரூபாய் என்று எழுதினால் நீங்கள் படிக்கும்போது அது பழைய கதையாகிவிடும். 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் 200 ரூபாய் அளவில் இருந்தது, மே மாதம் 360ஐத் தாண்டியது. 2024 ஜனவரி முதல் வற் வரி 18 வீதமானது. 2025 கடைசியில், செயற்கை நுண்ணறிவுக்கான பெரிய கணினி நிலையங்கள் நினைவகச் சில்லுகளை அள்ளிக்கொண்டதால் ரேமின் விலை உலகெங்கும் ஏறியது. அதனால் நூறு ரூபாய்க் கணக்காகச் சொல்கிறேன். எங்கள் பெட்டிக்குச் செலவான ஒவ்வொரு நூறு ரூபாயிலும் கிராபிக்ஸ் கார்ட்டுக்கு 36, புரோசசருக்கு 17, மதர்போட்டுக்கு 13, ரேமுக்கு 10, பவர் சப்ளைக்கு 10, எஸ்.எஸ்.டிக்கு 8, கேசிங்குக்கு 6. மொனிட்டரும் யூ.பி.எஸ்ஸும் இதற்கு வெளியே. பிள்ளையின் பட்டியலில் ஒன்றே பாதிக்கு மேல் விழுங்கினால், வேறு எதில் வெட்டியிருக்கிறான் என்று பாருங்கள். பெரும்பாலும் பவர் சப்ளையில்தான் வெட்டியிருப்பான்.

வெயிலும் புழுதியும்

கண்ணாடிக் கேசிங்கை மகன் விட்டுக்கொடுத்தது வெயிலால். எந்த விசிறியும் அறைக் காற்றை விடக் குளிர்ந்த காற்றைத் தராது. அறையில் ஐந்து பாகை கூடினால், உள்ளே சில்லிலும் கிட்டத்தட்ட அவ்வளவு கூடும். எங்கள் தகரக் கூரையின் கீழ் சித்திரை மாத மத்தியானம் எப்படியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. முன்பக்கம் அடைத்த கண்ணாடியை விட, முன்பக்கம் முழுவதும் வலையாக இருக்கும் மலிவான கேசிங் நமக்கு நல்லது. வலைக்குப் பின்னால் கழுவக்கூடிய புழுதி வடிகட்டி இருக்க வேண்டும். பின்னாலுள்ள பாவிக்காத துளைகளின் தகடுகளைக் கழற்றி எறியாதீர்கள். பல்லியும் எறும்பும் அந்த வழியால்தான் உள்ளே போகும். நிலத்தில் வைக்காமல் ஒரு சாண் உயரத்திலாவது வையுங்கள். மாதம் ஒருமுறை புழுதி ஊதும்போது விசிறியை விரலால் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். காற்றின் வேகத்தில் சுழன்றால் அதன் அச்சு பழுதாகும்.

பூட்டிய நாள்

ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் சாப்பாட்டு மேசையில் பூட்டினான். ஒன்பதாம் ஆண்டு படிக்கும் மகள் ஆணிகளைத் தேநீர்த் தட்டில் வகைபிரித்து வைத்தாள். உடலில் உள்ள நிலைமின் சில்லுகளைக் கெடுக்கும் என்பதால், ஒவ்வொரு முறையும் கேசிங்கின் இரும்பைத் தொட்டுவிட்டே சாமானைத் தொட்டான். புரோசசரின் மூலையில் சிறு முக்கோணம் இருக்கிறது. சொக்கட்டில் உள்ள முக்கோணத்தோடு அதைச் சேர்த்து வைத்தால் தானாக உட்காரும், அழுத்தக் கூடாது. ரேமை மட்டும் ‘டிக்’ என்று சத்தம் கேட்கும்வரை அழுத்த வேண்டும். மொனிட்டர் வயரை மதர்போட்டில் அல்ல, கிராபிக்ஸ் கார்ட்டில் செருக வேண்டும். எங்கள் அயலில் ஒரு பிள்ளை இரண்டு மாதம் மதர்போட்டில் செருகி வைத்துக்கொண்டு “கேம் இழுக்குது” என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

பிறகு நடந்தவை

2025 பெப்ரவரி 9ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, முற்பகலில் நாடு முழுவதும் கரண்ட் போனது. பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததுதான் காரணம் என்று அமைச்சர் சொன்ன நாள் அது. மகள் பாடசாலை ஒப்படை ஒன்றைத் தட்டச்சுச் செய்துகொண்டிருந்தாள். யூ.பி.எஸ். கத்தியது. சேமித்தாள், நிறுத்தினாள், எழுந்து வந்தாள். அன்று வேறு ஒன்றும் நடக்கவில்லை. நாங்கள் காசு கொடுத்தது அந்த ‘ஒன்றும் நடக்காமைக்கு’த்தான்.

அதே ஆண்டு நடுப்பகுதியில் கிராபிக்ஸ் கார்ட்டின் படம் கோடு கோடாக வரத் தொடங்கியது. மகன் வேறு வயர் மாற்றிப் பார்த்தான், வேறு மொனிட்டரில் பார்த்தான். கார்ட்டில்தான் பழுது என்று உறுதி செய்துகொண்டு, கழற்றிப் பொதி செய்து, பில்லோடு கொழும்புக்குக் கொண்டுபோனான். திரும்பி வர ஐந்து வாரம் எடுத்தது. அந்த ஐந்து வாரமும் மொனிட்டர் வயரை மதர்போட்டில் செருகி, புரோசசருக்குள் இருந்த கிராபிக்ஸில் கணினி ஓடியது. பெரிய விளையாட்டுகள் இல்லை. மகளின் படிப்பும், மகன் தொடங்கியிருந்த வகுப்பும் ஒரு நாளும் நிற்கவில்லை. என் கணவர் அந்த ‘எஃப்’ கதையை இப்போது கடைக்கு வருபவர்களுக்கெல்லாம் சொல்கிறார். ஓடு அடுத்த சீட்டில் போட்டோம்.

விளையாட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில், 2023இல், கணினி விளையாட்டுக்கே பதக்கம் கொடுத்தார்கள். அதற்காகப் பிள்ளை இரவு முழுவதும் விளையாடலாம் என்றில்லை. எங்கள் வீட்டில் கணினி கூடத்தில் இருக்கிறது, அறைக்குள் இல்லை. மகளின் படிப்பு முடிந்த பிறகே மகனின் முறை. பத்து மணிக்கு நிற்கும். இதைச் சாமான் வாங்கும் முன்பே பேசி முடித்துக்கொள்ளுங்கள். வாங்கிய பிறகு பேசினால் சண்டைதான் மிஞ்சும்.

உங்கள் பிள்ளை கேட்கும்போது உடனே “வேண்டாம்” என்றும் சொல்லாதீர்கள், உடனே காசையும் எடுத்துக் கொடுக்காதீர்கள். ஒரு கொப்பித் தாளைக் கொடுத்து, சுவரில் உள்ள பிளக்கில் தொடங்கித் திரைவரை ஒவ்வொரு வரியாக எழுதச் சொல்லுங்கள். ஒவ்வொரு வரியிலும் இரண்டு கேள்வி கேளுங்கள்: இது எதற்கு? இது கெட்டால் என்ன செய்வாய்? இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்லத் தெரிந்த பிள்ளையிடம் தயங்காமல் காசைக் கொடுக்கலாம்.